பதினான்காம் கட்டம்

நான் வீடுகளை அளப்பவன்.
வங்கி அனுப்பும், போவேன்.
நாடா, கைப்பேசி, மதிப்பீட்டுப் படிவம்,
வண்டிப் பெட்டியில் ஒரு குடை.
கடலூரில் நான் ஏறாத மொட்டைமாடி குறைவு.

கெடிலத்தை ஒட்டி ஒரு தார்ச்சாலை.
மேற்கே நகர். கிழக்கே காலனி.
ஒரே சர்வே எண்தான்,
உட்பிரிவு மட்டும் வேறு:
அது 3ஏ, இது 3பி.
சார்பதிவாளர் அலுவலகத்தில்
இரண்டுக்கும் ஒரே வழிகாட்டி மதிப்பு.
ஆறு புரண்ட வருஷம்
நகரில்தான் தண்ணீர் அதிகம், ஜன்னல் மட்டம்.
கறை இன்னும் சுவரில் இருக்கிறது.
அந்தச் சுவருக்கு எண்பது சதவீதம் கடன் கிடைக்க
கையெழுத்துப் போட்டவன் நான்.

கிழக்கே, பூங்கோதை.
அரசு மருத்துவமனையில் செவிலியர்.
இரவுப் பணி முடித்து
சீருடை மாற்றாமல் காத்திருந்தாள்.
இரண்டே முக்கால் சென்ட். மூலப்பத்திரம் சுத்தம்.
முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் இல்லை.
சிபில் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று.
(என்னுடையது அறுநூற்று நாற்பது.
அதை யாரும் கேட்பதில்லை.)

நாடாவின் மறுமுனையை அவளே பிடித்தாள்.
நாற்பத்தொன்று என்றேன்.
"நாற்பத்தொன்றரை. தொய்வு விட்டுட்டீங்க சார்."
மறுபடி அளந்தேன்.
நாற்பத்தொன்றரை.

டீ வந்தது. குடித்தேன்.
குடிக்கும் முன் ஒரு நொடி யோசித்தேன்.
அவள் பார்த்துவிட்டாள்.
நாடி பிடிக்கிறவர்களிடம்
நொடியை ஒளிக்க முடியாது.

படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள்.
பதினான்காவது: சுற்றுப்புறத்தின் தன்மை.
சாதி என்று எங்கேயும் அச்சாகவில்லை,
மதம் என்றும் இல்லை.
ஒன்றரை அங்குல வெற்றிடம், அவ்வளவுதான்.
சாலைக்கு மேற்கே என்றால்
'நல்ல குடியிருப்புப் பகுதி' என்று எழுதுவேன்,
கிழக்கே என்றால்
'மறுவிற்பனை வாய்ப்பு குறைவு'.
பதினேழு வருஷமாக.
யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.
முதல் மேலாளர் ஒரே ஒரு முறை
பேனா முனையால் அந்தக் கட்டத்தைத் தட்டினார்.

கடனை மறுப்பதில்லை நாங்கள்.
மறுத்தால் காரணம் எழுதணும்.
மதிப்பைக் குறைத்தால் போதும்.
பதினெட்டு லட்சம் கேட்டவருக்கு ஏழு வரும்,
ஏழில் கூரைத்தளம் எட்டாது,
அவராகவே போய்விடுவார்
அடகுக் கடைக்கோ
மீட்டர் வட்டிக்கோ.
கோப்பில் ஒரு வரி: 'விண்ணப்பதாரர் விலகிக்கொண்டார்.'

பூங்கோதை விலகவில்லை.

தகவல் கேட்டு மனு,
பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு.
கிளையில் சுற்றி, மண்டலத்தில் சுற்றி
என் மேசைக்கு வந்திருக்கிறது,
'மதிப்பீட்டாளர் விளக்கம் தரவும்' என்ற
ஊதா முத்திரையோடு.

மனுவில் கோபமே இல்லை.
மருந்துச் சீட்டு மாதிரி எழுத்து:

'3பி மனையை வாங்க மாட்டார்கள் என்கிறீர்கள்.
யார்?

அதே வாரம் சாலைக்கு அந்தப் பக்கமும்
நீங்கள் அளந்ததைப் பார்த்தேன்.
இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு?

பின்குறிப்பு:
அகலம் நாற்பத்தொன்றரை.
உங்கள் அறிக்கையில் நாற்பத்தொன்று என்றே உள்ளது.'

வக்கீல் நண்பனைக் கேட்டேன்.
அப்படி எழுதச் சொல்லும் பிரிவு கிடையாது என்றான்.
எழுதியவனைப் பிடிக்கும் பிரிவு?
தேடணும் என்றான்,
தேடுகிற குரலில் சொல்லவில்லை.

முப்பது நாள் அவகாசம்.
இருபத்தாறு போய்விட்டது.
அரையடியைத் திருத்திவிட்டேன்,
அது சுலபமாக இருந்தது.

'யார்?' என்பதற்கு நேரே
விடை எழுத இடம் விட்டிருக்கிறாள்.
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றரை அங்குலம்.
என் பெயர்
தலைப்பெழுத்தோடு
அதில் அடங்கும்.